பிப்ரவரி 6ஆம் தேதியில் யார் யார்?



இன்றைய அரங்கின் தலைப்பு ‘நினைவு நாட்கள்’. காற்பந்து ரசிகர்களிடம் இதற்கு ஒரு பட்டியல் இருக்கும். ராக் இசை ரசிகர்களிடம் வேறொரு பட்டியல். வரலாறு படிக்கும் மாணவர்களிடம் இன்னொன்று. மூன்று பட்டியல்களையும் மேசைமீது அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு தேதி மூன்றிலும் தென்படுகிறது. அது பிப்ரவரி 6.

1819ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி, சிங்கப்பூரில் ராஃபிள்ஸ், சுல்தான் ஹுசேன், தெமெங்கோங் அப்துல் ரஹ்மான் ஆகிய மூவரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். 1945இல் அதே தேதியில் ஜமைக்காவின் நைன் மைல் என்ற மலைக் கிராமத்தில் பாப் மார்லி பிறந்தார். 1952இல் அதே தேதியில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் உறக்கத்திலேயே காலமாக, கென்யாவில் பயணத்தில் இருந்த 25 வயது மகள் எலிசபெத் அரசியானார். 1958இல் அதே தேதியில் மியூனிக் விமான நிலையத்தில் மான்செஸ்டர் யுனைடெட் குழுவினர் சென்ற விமானம் நொறுங்கியது.

இவற்றுக்கிடையே மறைபொருள் ஏதும் கிடையாது. ஆண்டுக்கு 365 நாட்கள்தான். உலகத்தில் நடந்தவற்றை எல்லாம் அதற்குள் அடுக்கினால், எந்தத் தேதியைத் தொட்டாலும் நாலு சங்கதி கிடைக்கத்தான் செய்யும். எண் சோதிடக்காரர்களுக்கு வேலை கொடுப்பது இந்த உரையின் நோக்கமல்ல. கவனிக்க வேண்டியது வேறு. ஒரு தேதியை நினைவு நாளாக வைத்துக்கொள்ளும்போது சிலர் பெயர் சொல்லி உள்ளே அழைக்கப்படுகிறார்கள். சிலர் வாசலிலேயே நிற்கிறார்கள். வாசலில் நிற்பவர் உள்ளே வர எத்தனை காலம் ஆகிறது? ஒருவருக்குப் பதினோர் ஆண்டு. சிலருக்கு நாற்பது. இன்னொருவருக்கு இருநூறு.

முதலில் மியூனிக். வார இறுதி இரவுகளில் நம் காப்பிக்கடைகளில் சிவப்புச் சட்டை அணிந்து தொலைக்காட்சி முன் உட்காரும் இளையர்களில் பலருக்கு இந்தக் கதையின் தலைப்பு தெரியும், உள்ளடக்கம் தெரியாது.

1958 பிப்ரவரி 5ஆம் தேதி பெல்கிரேடில் ரெட் ஸ்டார் குழுவுடன் 3-3 என்று சமநிலை கண்டு, ஐரோப்பியக் கிண்ணத்தின் அரையிறுதிக்குத் தகுதி பெற்றது மான்செஸ்டர் யுனைடெட். சனிக்கிழமை வுல்வர்ஹாம்டனுடன் லீக் ஆட்டம் காத்திருந்தது. எனவே மறுநாளே ஊர் திரும்பியாக வேண்டும். எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கினார்கள். பனி பெய்துகொண்டிருந்தது. இரண்டு முறை ஓடுபாதையில் ஓடி, விமானம் எழும்பாமல் நிறுத்தப்பட்டது. மூன்றாவது முறை ஓடியது, ஓடுபாதையின் முடிவைத் தாண்டி வேலியைப் பிய்த்துக்கொண்டு ஒரு வீட்டில் மோதியது. பிற்பகல் மணி 3.04.

விமானத்தில் 44 பேர். மாண்டவர்கள் 23 பேர். அவர்களில் எண்மர் விளையாட்டாளர்கள். அணித்தலைவர் ரோஜர் பைர்ன், கோல் வேட்டைக்காரர் டாமி டெய்லர், எடி கோல்மன், மார்க் ஜோன்ஸ், டேவிட் பெக், ஜெஃப் பெண்ட், லியம் வீலன் ஆகிய எழுவர் அங்கேயே உயிரிழந்தனர். எட்டாமவர் டங்கன் எட்வர்ட்ஸ், 21 வயது. பதினைந்து நாட்கள் மருத்துவமனையில் போராடி பிப்ரவரி 21ஆம் தேதி கண்மூடினார். இங்கிலாந்து கண்ட மிகச் சிறந்த விளையாட்டாளராக அவர் வந்திருப்பார் என்று உடன் ஆடியவர்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரே விபத்துக்கு இரண்டு தேதிகள். உலகத்துக்கு பிப்ரவரி 6 என்றால், எட்வர்ட்ஸ் பிறந்த டட்லி நகரத்துக்கு பிப்ரவரி 21உம் உண்டு.

இன்னோர் எண்மரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. செய்தியாளர்கள். விளையாட்டாளர்கள் எத்தனை பேர் போனார்களோ அதே எண்ணிக்கையில் அவர்களைப் பற்றி எழுதப் போனவர்களும் போனார்கள். அவர்களில் ஒருவர் ஃபிராங்க் ஸ்விஃப்ட். ஒரு காலத்தில் இங்கிலாந்தின் கோல்காவலர். அதுவும் பரம எதிரியான மான்செஸ்டர் சிட்டியின் கோல்காவலர். ஓய்வுபெற்றுப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

பதின்மூன்று நாட்கள் கழித்து, 19ஆம் தேதி, ஓல்ட் டிராஃபர்ட் அரங்கில் அடுத்த ஆட்டம். நிர்வாகி மேட் பஸ்பி ஜெர்மனியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். துணை நிர்வாகி ஜிம்மி மர்ஃபி வேல்ஸ் நாட்டுக் குழுவின் ஆட்டத்துக்காக கார்டிஃப் சென்றிருந்ததால் அந்த விமானத்தில் ஏறாதவர். இளையர்களையும் அவசரமாக வாங்கியவர்களையும் சேர்த்து அவர் ஒரு குழுவை நிறுத்தினார். யார் ஆடுவார்கள் என்பது அச்சுக்குப் போகும்வரை தெரியாது. அதனால் அன்றைய ஆட்ட ஏட்டில் யுனைடெட் விளையாட்டாளர்களின் பெயர்கள் இருக்க வேண்டிய இடங்களை வெறுமையாகவே விட்டு அச்சடித்தார்கள். ஷெஃபீல்ட் வென்ஸ்டேயை 3-0 என்று வென்றார்கள். எத்தனையோ நினைவுச் சின்னங்கள் பின்னால் எழுந்தன. அந்த வெற்றுக் கோடுகளுக்கு ஈடானது எதுவும் இல்லை.

இனி வாசலில் நின்றவர். விமானி ஜேம்ஸ் தெய்ன். உயிர் தப்பினார். இறக்கைகளில் படிந்த பனிக்கட்டியை அகற்றாமல் விமானத்தைக் கிளப்பியதே காரணம் என்று ஜெர்மானிய விசாரணை அவர்மீது குற்றம் சுமத்தியது. வேலை போனது. தம்முடைய கோழிப்பண்ணைக்குத் திரும்பினார். ஓடுபாதையில் கிடந்த பனிச்சேறுதான் விமானத்தின் வேகத்தை இழுத்துப் பிடித்தது என்று அவர் ஆண்டுக்கணக்காக வாதாடினார். சோதனைகள் நடந்தன, விசாரணைகள் நடந்தன. 1969இல்தான் பிரிட்டன் அவர்மீது தவறில்லை என்று அறிவித்தது. அதற்குள் பதினோரு பிப்ரவரி 6கள் கடந்துவிட்டன. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் நாடு முழுவதும் துக்கம் காக்கும்போது, அந்த ஒரு வீட்டில் அந்த நாள் எப்படிக் கழிந்திருக்கும்? 1975இல், 53 வயதில், தெய்ன் காலமானார்.

பிழைத்த விளையாட்டாளர்கள் சிலரின் கதையும் அதிகம் சொல்லப்படாதது. ஜானி பெர்ரி, ஜாக்கி பிளாஞ்ச்ஃபிளவர் இருவரும் அதற்குப்பின் காற்பந்து ஆடவே இல்லை. மாண்டவர்களுக்குக் கல்வெட்டும் கடிகாரமும் உண்டு. காயத்தோடு வாழ்ந்தவர்களுக்கு? உயிர் பிழைத்தவர்களுக்கும் மாண்டோரின் குடும்பங்களுக்கும் நிதி திரட்ட ஓல்ட் டிராஃபர்டில் ஒரு சிறப்பு ஆட்டம் 1998 ஆகஸ்ட்டில் நடந்தது. எரிக் கன்டோனா அதற்காக வந்து ஆடினார். விபத்து நடந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பெர்ரி 1994இலேயே இறந்துவிட்டார். பிளாஞ்ச்ஃபிளவர் அந்த ஆட்டம் முடிந்து இரண்டு வாரங்களில் இறந்தார். நினைவு நாளைச் சிறப்பாகக் கொண்டாடத் தெரிந்தவர்களுக்கு மற்ற 364 நாட்கள் கண்ணில் படுவதில்லை என்று யாராவது சொன்னால் மறுப்பது சிரமம்.

ஆனாலும் 2008ஆம் ஆண்டை விட்டுவிடக் கூடாது. ஐம்பதாம் ஆண்டு நிறைவு. பிப்ரவரி 10ஆம் தேதி ஓல்ட் டிராஃபர்டில் யுனைடெட்டுக்கு எதிரே நின்ற குழு மான்செஸ்டர் சிட்டி. ஒரு நிமிட மௌனத்தை சிட்டி ரசிகர்கள் காப்பார்களா, கூச்சல் போட்டுக் கெடுப்பார்களா என்று ஒரு வாரம் முழுக்கக் கவலை. யுனைடெட் விளையாட்டாளர்கள் பழைய பாணிச் சட்டையில், விளம்பரம் இல்லாமல், பெயர் இல்லாமல், 1 முதல் 11 வரை எண்களோடு மட்டும் வந்தார்கள். மௌனம் தொடங்கியது. சிட்டி ரசிகர்கள் கழுத்துத் துண்டுகளை உயர்த்திப் பிடித்தபடி சத்தமில்லாமல் நின்றார்கள். அவர்களுடைய ஆளான ஸ்விஃப்டும் அந்த 23 பேரில் ஒருவர். பிறகு சிட்டி 2-1 என்று ஆட்டத்தை வென்று சென்றது. அது காற்பந்து; அப்படித்தான் நடக்கும்.

எரியும் விமானத்துக்குள் திரும்பிப் போய், கைக்குழந்தையையும் அதன் கர்ப்பிணித் தாயையும் வெளியே கொண்டுவந்த கோல்காவலர் ஹாரி கிரெக் 2020இல் மறைந்தார். அந்தத் தாய்க்குப் பின்னர் ஒரு மகன் பிறந்தான். உயிர் தப்பிய விளையாட்டாளர்களில் கடைசியானவர் சர் பாபி சார்ல்டன். 1968இல் ஐரோப்பியக் கிண்ணத்தை உயர்த்தியவர். 2023 அக்டோபரில் அவரும் போய்விட்டார். 2024ஆம் ஆண்டின் பிப்ரவரி 6தான், அங்கே இருந்த விளையாட்டாளர் ஒருவர்கூட உயிரோடு இல்லாத முதல் பிப்ரவரி 6.

மியூனிக்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போனால், டெகர்ன் ஏரிக்கரையில் ரொட்டாஹ்-எகர்ன் என்ற சிற்றூர் வரும். மலையும் பனியும் சூழ்ந்த இடம். 1981ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி, வெயில் தேசத்துப் பாடகர் ஒருவர் அங்கே குளிரில் தம் 36ஆவது பிறந்த நாளைக் கழித்தார். பாப் மார்லி. புற்றுநோய்ச் சிகிச்சைக்காக அங்கு சென்றிருந்தார். அதுவே அவருடைய கடைசிப் பிறந்த நாள்.

அவரைக் கொன்ற நோயின் கதையிலும் காற்பந்து இருக்கிறது. மார்லிக்கு இசை எவ்வளவோ காற்பந்தும் அவ்வளவு. ஊர் ஊராகச் சென்ற இசைப் பயணங்களிலும் நேரம் கிடைத்தால் பந்து உருட்டினார். ஜமைக்காவின் பேர்பெற்ற ஆட்டக்காரர் ஆலன் கோல் அவருடைய நெருங்கிய நண்பர். பயண நிர்வாகியாகவும் இருந்தவர். 1977இல் மார்லியின் கால் பெருவிரலில் பட்ட காயம் ஆறாமல் போனது. சோதித்தபோது நகத்தடியில் தோல் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. பந்தாட்டத்தில் பட்ட அடிதான் புற்றுநோயாக மாறியது என்று பலரும் இன்றுவரை சொல்கிறார்கள். அது சரியல்ல. அடிபட்டதால் அந்த வகைப் புற்றுநோய் வந்தது என்று சொல்ல முடியாது. நோய் வெளிச்சத்துக்கு வர அடி ஒரு காரணமானது. விரலை எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. அவர் சார்ந்த ராஸ்தஃபாரி சமய நம்பிக்கை உடலின் பகுதியை வெட்டி எடுப்பதை ஏற்பதில்லை. 1980 செப்டம்பரில் பிட்ஸ்பர்க் நகரில் கடைசியாக மேடை ஏறினார். 1981 மே 11ஆம் தேதி, ஜெர்மனியிலிருந்து தாயகம் திரும்பும் வழியில், மயாமியில் இறந்தார்.

மார்லி பாடியது ரெகே ஆயிற்றே, ராக் பட்டியலில் அவருக்கு என்ன வேலை என்று கேட்கும் ராக் ரசிகர்கள் உண்டு. 1974இல் எரிக் கிளாப்டன் பாடி அமெரிக்காவில் முதலிடத்துக்குக் கொண்டுபோன ‘ஐ ஷாட் த ஷெரிஃப்’ மார்லி எழுதிய பாட்டு. 1994இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. போதுமல்லவா?

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். ஜான் லென்னன் என்றால் ரசிகர்கள் நியூயார்க் பூங்காவில் கூடுவது அவர் சுடப்பட்ட டிசம்பர் 8ஆம் தேதி. எல்விஸ் என்றால் மெழுகுவர்த்தி ஏந்திக் கூடுவது ஆகஸ்ட் நடுவில், அவர் இறந்த நாளை ஒட்டி. மார்லிக்கு மட்டும் பிறந்த நாள் முந்திக்கொண்டது. அவரும் சுடப்பட்டவர்தான். 1976 டிசம்பரில் கிங்ஸ்டனில் வீடு புகுந்து சுட்டார்கள். இரண்டு நாட்களில் கட்டோடு மேடை ஏறிப் பாடினார். 1978 ஏப்ரலில் அதே கிங்ஸ்டன் நகரில், ஆட்கள் வைத்து மோதிக்கொண்டிருந்த இரு கட்சிகளின் தலைவர்கள் மைக்கல் மான்லி, எட்வர்ட் சியாகா இருவரையும் மேடைக்கு அழைத்து, கைகளைப் பிடித்துச் சேர்த்து உயர்த்தினார். சண்டை அதோடு நின்றுவிடவில்லை. 1980இல் ஜிம்பாப்வே விடுதலை பெற்ற இரவில், ஒரு காற்பந்து அரங்கில், கண்ணீர்ப் புகைக்கு நடுவே பாடினார். 2005 பிப்ரவரி 6ஆம் தேதி, அவருடைய அறுபதாம் பிறந்த நாளை எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் பெருங்கூட்டம் கூடிக் கொண்டாடியது. இறந்த நாளை எடுத்துக்கொண்டால் நோயைப் பேச வேண்டும். பிறந்த நாளை எடுத்தால் பாட்டைப் பேசலாம். அவருடைய மக்கள் பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எலிசபெத் அரசியாருக்கு அப்படித் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கவில்லை. முடிசூடும் உரிமை வந்த நாளும் தந்தை இறந்த நாளும் ஒன்றே. அதனால் பெருவிழாக்களைக் கோடைக்காலத்துக்குத் தள்ளிவிட்டு, பிப்ரவரி 6ஐ அவர் சாண்ட்ரிங்ஹாமில் அமைதியாகக் கழிப்பதே வழக்கமாக இருந்தது. 2022இல் எழுபது ஆண்டுகளைக் கண்டு அதே ஆண்டு செப்டம்பரில் மறைந்தார்.

நம் வீடுகளில் இந்தச் சிக்கல் கொஞ்சம் குறைவு. தாத்தாவுக்குத் திதி கொடுப்பது பிறையைப் பார்த்து. பேரனுக்குப் பிறந்த நாள் ஆங்கிலத் தேதியில். ஓர் ஆண்டு இரண்டும் ஒன்றாக வந்தாலும் அடுத்த ஆண்டு விலகிவிடும். கோவிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுபவர் கேட்பதும் நட்சத்திரத்தைத்தான்.

பிப்ரவரி 6 ஒரு நாட்டின் தேசிய விடுமுறையும்கூட. 1840இல் அன்று நியூசிலாந்தின் வைதாங்கியில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதிக்கும் மவோரித் தலைவர்களுக்கும் ஒப்பந்தம் ஆனது. ஆங்கிலப் படியும் மவோரி மொழிப் படியும் ஒன்றையே சொல்லவில்லை. நாட்டின் இறைமையையே கொடுத்துவிட்டார்கள் என்றது ஒன்று. நிர்வாகம் செய்யும் உரிமையை மட்டும் கொடுத்தோம் என்றது மற்றொன்று. அதனால் அங்கே அந்த நாளில் விழாவும் நடக்கும், கண்டன ஊர்வலமும் நடக்கும். மார்லியின் பிறந்த நாள் என்பதால் ரெகே இசையும் சேர்ந்துகொள்ளும்.

அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே நம் கரையில் கையெழுத்தான ஒப்பந்தத்திலும் யார் எதைக் கொடுத்தார்கள் என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆண்டுக்கு சுல்தானுக்கு 5,000 ஸ்பானிய வெள்ளி, தெமெங்கோங்குக்கு 3,000 ஸ்பானிய வெள்ளி; பதிலுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வணிக நிலையம் அமைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். தீவு முழுவதும் கைமாறியது 1824ஆம் ஆண்டின் வேறோர் ஒப்பந்தத்தில். ராஃபிள்ஸ் மறுநாளே, பிப்ரவரி 7ஆம் தேதியே, கப்பலேறிப் போய்விட்டார். இருந்து ஊரை நடத்தியவர் வில்லியம் ஃபார்குவார். 1823இல் பதவி இழந்து போன அவருடைய ஸ்காட்லாந்துக் கல்லறையில், சிங்கப்பூரை நிறுவியவர் என்று பொறித்திருக்கிறார்கள். நம் ஊரில் சிலை ராஃபிள்ஸுக்கு.

அந்தச் சிலைக்கும் பிப்ரவரி 6க்கும், ஏன், காற்பந்துக்கும்கூட உறவு உண்டு. 1887இல் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவின்போது அந்த வெண்கலச் சிலையைப் பாடாங் திடலில் நிறுத்தினார்கள். திடலில் பந்தாட்டம் நடக்கும். உதைத்த பந்து அடிக்கடி ராஃபிள்ஸ்மீது வந்து விழும். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் பீடத்தில் ஏறி வசதியாக உட்கார்ந்துகொள்வார்கள். ஒரு சாம்ராஜ்யத்தின் சின்னத்துக்கு இது அழகல்ல என்று பட்டிருக்க வேண்டும். நூற்றாண்டு விழா நாளான 1919 பிப்ரவரி 6ஆம் தேதி சிலையை எம்பிரஸ் பிளேசுக்கு மாற்றினார்கள். ஜப்பானியர் காலத்தில் அது அரும்பொருளகத்துக்குள் போனது. 1946இல் திரும்பி வந்தது.

2019இல் இருநூறாம் ஆண்டு. ஜனவரி மாதம் ஆற்றங்கரையில் உள்ள வெண்ணிற ராஃபிள்ஸ் சிலைக்கு ஒரு கலைஞர் வண்ணம் பூசி, பின்னால் இருக்கும் கட்டடத்தோடு கலந்து மறையும்படி செய்தார். சில நாட்களில் அதன் அருகே நான்கு புதிய சிலைகள் வந்து நின்றன: சாங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங், நாராயண பிள்ளை. தற்காலிக ஏற்பாடுதான். ஆனாலும் ராஃபிள்ஸ் தனியாக நிற்காத காட்சியைப் பார்க்கவே பலர் குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

நாராயண பிள்ளை யார் என்று அன்று பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை வைத்தவர். ஊர் எழும்பிக்கொண்டிருந்த நேரத்தில் கட்டுமானத் தொழிலில் இறங்கியவர். துணிக்கடை வைத்து, 1822இல் அது தீயில் போக, கடன்பட்டு மீண்டு எழுந்தவர். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோவில் எழக் காரணமானவர். இன்றும் தீமிதிக்கு அங்கேதான் கூட்டம் திரள்கிறது. ராஃபிள்ஸ் இரண்டாம் முறை வந்தபோது ‘இந்தியானா’ கப்பலில் அவரோடு வந்திறங்கினார். அது 1819 மே மாதம். ஒப்பந்தம் கையெழுத்தான பிப்ரவரி 6ஆம் தேதி அவர் இன்னும் பினாங்கில் இருந்தார்.